உரசும் பிரேக்கும் ஊதிய தூசியும்



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். பைக் பட்டறை, லாரிப் பட்டறை என்று வேலை பார்க்கும் பிள்ளைகள் மட்டும் கடைசி வரி வரை கட்டாயம் படிக்க வேண்டும். இது வாத்தியார் உத்தரவு. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆனாலும் உத்தரவு போடும் பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய பழைய புல்லட்டை உங்களில் பலருக்குத் தெரியும். 1984 மாடல். நான் 1989-ல் இரண்டாம் கையாக வாங்கினேன். அந்தச் சத்தம் பள்ளிக்கூட முக்கில் கேட்டதும் வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் வகுப்புக்குள் ஓடியதெல்லாம் எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? அந்த வண்டிதான் இன்றைய பாடம்.

போன மாதம் செயின் தொங்குகிறதே என்று நானே இறுக்கினேன். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, மறுபடி முறுக்கினேன். பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் சேந்தமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் வண்டி ஏதோ மூட்டை ஏற்றியது மாதிரி இழுக்க முடியாமல் இழுத்தது. ஆக்சிலேட்டரை விட்டால் உருளாமல் உடனே நிற்கப் பார்க்கிறது. கருகின வாடை வேறு. ஓரமாக நிறுத்திப் பின்சக்கர டிரம்மின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது. பாட்டிலில் இருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால், தோசைக்கல்லில் தெளித்தது போல் சுர்ரென்று போய்விட்டது.

மெயின் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். கால் சுற்றுக்கூடச் சுற்றவில்லை. பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. பட்டறைப் பாஷையில் சொன்னால், "பிரேக் ஜாம்".

யோசித்தேன். நேற்று செயினைத்தானே தொட்டோம், பிரேக்கைத் தொடவில்லையே? அங்கேதான் தப்பு. புல்லட் போன்ற பழைய வண்டிகளில் பிரேக் பெடலையும் பின்சக்கரத்தையும் ஒரு இரும்புக் கம்பி இணைக்கிறது. பிரேக் ராடு என்பார்கள். சக்கரத்தைப் பின்னால் நகர்த்தினால், கம்பியின் நீளம் மாறாததால், அது பிரேக் நெம்புகோலை முன்னால் இழுத்துப் பிடிக்கும். காலை வைக்காமலேயே கால் வைத்த மாதிரி ஆகிவிடும். செயினை இறுக்கினால் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதி. எட்டாம் வகுப்பில் நெம்புகோல் பாடம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை.

கம்பியின் முனையில் உள்ள நட்டைக் கையாலேயே நாலு சுற்றுத் தளர்த்தினேன். சக்கரம் சுற்றியது, ஆனால் முழுதாக விடவில்லை. பெடலை மிதித்துவிட்டுக் காலை எடுத்தால், அது தூக்கக் கலக்கத்தில் எழுந்திருக்கும் பையன் மாதிரி மெதுவாக மேலே வந்தது. அப்படியென்றால் உள்ளே இன்னொரு நோயும் இருக்கிறது. மெதுவாக ஓட்டிக்கொண்டு, நம் பழைய மாணவன் ஒருவன் வைத்திருக்கும் பட்டறைக்குப் போனேன். 1992-ல் என்னிடம் எட்டாவது படித்தவன். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

"வாங்க சார், உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?" என்றவன், பேசிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றிவிட்டான். நானாக இருந்தால் அரை நாள் ஆகியிருக்கும். பிரேக் பிளேட்டை வெளியே எடுத்தான். டிரம்முக்குள் கறுப்பும் சாம்பலுமாகத் தூசி படிந்து கிடந்தது. அவன் டிரம்மை இரண்டு கையாலும் தூக்கி, முகத்துக்கு நேராகப் பிடித்து, கன்னத்தை உப்பிக்கொண்டான்.

"டேய்! ஊதாதே!"

முப்பது வருடத்துக்கு முந்தைய குரல் எனக்கே தெரியாமல் வெளியே வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள். அவன் டிரம்மைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சார், முப்பது வருசமா ஊதிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒன்னும் ஆவலிங்களே" என்றான்.

"இந்த லைனிங்கில் கல்நார் இருக்கலாம்ப்பா. ஆஸ்பெஸ்டாஸ். நுரையீரலுக்கு ஆகாது."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "நீங்கதானே சார் சொன்னீங்க, கல்நார் அற்புதமான பொருள், நெருப்புல போட்டாலும் எரியாதுன்னு? விளக்குல காட்டினீங்களே, ஞாபகம் இல்லீங்களா?"

ஞாபகம் இருக்கிறது. ஸ்பிரிட் விளக்கு, முக்காலி, அதன் மேல் நடுவில் வெள்ளையாக வட்டம் பதித்த கம்பி வலை. அந்த வட்டம்தான் கல்நார். முனை உதிர்ந்துபோன பழைய வலையில் இருந்து ஒரு துணுக்கைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, சுடரில் காட்டி, "பார்த்தீர்களா, எரியவில்லை!" என்று கைதட்டல் வாங்கியவன் நான். ஒவ்வொரு வருடமும் செய்தேன். அந்தத் துணுக்கை வரிசையாகக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, இந்தப் பிரேக்குக்குள் கல்நார் எப்படி வந்தது என்று ஆரம்பத்தில் இருந்து எழுதிப் பார்த்தேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி. வண்டியும் நானும் சேர்ந்து 240 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். ஒரு முறை முழுதாக நிறுத்தும்போது உண்டாகும் சூடு, ஒரு சின்ன டீ கிளாஸ் தண்ணீரை, 100 மில்லி, கொதி நிலைக்குக் கொண்டுபோகப் போதும். அரை நிறை, வேகத்தின் வர்க்கம், ஞாபகம் இருக்கிறவர்கள் போட்டுப் பாருங்கள். இவ்வளவு சூட்டையும் உரசும் அந்த மெல்லிய பட்டைதான் தாங்க வேண்டும். கருகக் கூடாது, வழுக்கக் கூடாது, சீக்கிரம் தேயவும் கூடாது. அந்தப் பட்டைக்கு ஏற்ற பொருளைத் தேடியதுதான் பிரேக்கின் வரலாறு.

அந்தக் காலத்துக் குதிரை வண்டிகளில் மரக்கட்டையைச் சக்கரத்தின் மேல் அழுத்துவார்கள். இறக்கத்தில் சக்கரத்துக்கு அடியில் இரும்புச் சறுக்கு ஒன்றை வைப்பதும் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கும் ஷூ என்றுதான் பெயர். இன்றைக்கும் பிரேக் கட்டையை நாம் ஷூ என்றே சொல்கிறோம்.

1888 ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் கண்டுபிடித்த மோட்டார் வண்டியை யாரும் நம்பி வாங்கவில்லை. அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமில் இருந்து ஃபோர்ஸ்ஹைமில் உள்ள அம்மா வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். 100 கிலோமீட்டருக்கு மேல். வழியில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மலை இறக்கத்தில் மரப் பிரேக் கட்டை தேய்ந்துபோனது. ஒரு ஊரில் நிறுத்தி, செருப்புத் தைப்பவரைக் கூப்பிட்டு, கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்கிறார்கள். அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் கண்டுபிடிப்பு! பெர்த்தாவின் பெயர் வரலாற்றில் நின்றது. ஆணி அடித்தவரின் பெயரை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. கையால் வேலை செய்கிறவர்களுக்கு வரலாறு கொடுக்கும் மரியாதை பெரும்பாலும் அவ்வளவுதான்.

அடுத்தது இங்கிலாந்து. 1897-ல் டெர்பிஷயர் என்ற மலைப்பாங்கான பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பிரேக்குக்கு நல்ல பொருள் தேடினார். அங்கேயும் இறக்கங்கள்தான் பிரச்சினை. வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ் தோலைப் பிரேக் கட்டையில் வைப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். பருத்தியை நெய்து, பிசினில் ஊறவைத்து, கெட்டியான பட்டை செய்தார். நன்றாகப் பிடித்தது. தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஃபெரோடோ என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். பிறகு 1902-ல் பிரான்சில் லூயி ரெனோ, வெளியே இருந்து அழுத்தாமல், டிரம்முக்குள் இருந்து விரிந்து பிடிக்கும் பிரேக்கைக் கொண்டுவந்தார். மழை, சேறு படாது. ஆனால் சூடு உள்ளேயே நிற்கும். மோட்டார்களின் வேகமும் கூடியது. பருத்தி கருகியது.

எரியாத நார் வேண்டும். எங்கே போவது? பூமிக்குள் இருந்தது. கல்நார். பாறை, ஆனால் பஞ்சு மாதிரிப் பிரிக்கலாம், நூலாக நூற்கலாம், நெய்யலாம். கிரேக்கத்தில் அதன் பெயருக்கு "அணையாதது" என்று பொருள். மார்க்கோ போலோ தன் பயணக் குறிப்பில், நெருப்பில் வாழும் சாலமாண்டர் என்று மக்கள் சொல்லும் துணி ஒரு விலங்கின் தோல் அல்ல, மண்ணில் இருந்து தோண்டி எடுப்பது என்று விளக்கியிருக்கிறார். 1908-ல் ஃப்ரூட் அந்த நாரைப் பிரேக் பட்டைக்குள் கொண்டுவந்தார். பிரச்சினை தீர்ந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகத்தில் ஓடிய கார், லாரி, பஸ், பைக் எல்லாம் பெரும்பாலும் கல்நாரின் தயவில்தான் நின்றன. எத்தனை உயிர்களை அது காப்பாற்றியிருக்கும்! அதையும் சொல்ல வேண்டும். அற்புதமான பொருள் என்று நான் வகுப்பில் சொன்னது பொய் இல்லை. பாதி உண்மை. பாதி உண்மையைப் பாடமாக நடத்தியதுதான் என் தப்பு.

மீதிப் பாதி இதோ. இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெல்லி கெர்ஷா என்று ஒரு பெண். சிறுமியாக இருந்தபோதே ஆலை வேலைக்குப் போனவர். கல்நார் நூற்கும் வேலை. மூச்சு வாங்கி, உடம்பு இளைத்து, 1924-ல் 33 வயதில் இறந்துபோனார். நஷ்டஈடு கிடைக்கவில்லை. அவருடைய நுரையீரலைச் சோதித்த வில்லியம் குக் என்ற மருத்துவர், உள்ளே கல்நார்த் துகள்கள் பதிந்திருப்பதைக் கண்டு, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அரசாங்கம் விசாரித்தது. 1931-ல் கல்நார் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்த அங்கே விதிகள் வந்தன.

1931 என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் பிறப்பதற்கு 28 வருடம் முன்பு. நான் உங்கள் முன்னால் இடுக்கியோடு நின்றது 1980-களிலும் 90-களிலும். இங்கிலாந்தில் ஒரு ஆலைத் தொழிலாளியின் மரணம் சொல்லிக்கொடுத்தது, அறுபது வருடம் கழித்தும் ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்து வாத்தியாரின் காதுக்கு வரவில்லை. ஆசிரியர் பயிற்சியில் சொல்லவில்லை, பாடப்புத்தகத்தில் இல்லை என்று நான் சமாதானம் சொல்லலாம். ஆனால் 1995-ல் நம் உச்ச நீதிமன்றமே கல்நார்த் தொழிலாளர்கள் வழக்கில் தீர்ப்புக் கொடுத்தது. வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து 40 வருடம், அல்லது ஓய்வுக்குப் பிறகு 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்றது. ஏன் அவ்வளவு வருடம்? இந்த நோய் உடனே வராது. இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து வரும். "முப்பது வருசமா ஒன்னும் ஆவலிங்களே" என்று அவன் சொன்னபோது என் வயிறு கலங்கியது இதனால்தான்.

அந்தச் செய்தி பேப்பரில் வந்தபோது நான் படித்தேன். தலையாட்டிவிட்டு, மடித்து வைத்துவிட்டு, அடுத்த வாரமே வகுப்பில் கம்பி வலையை எடுத்தேன். ஆலை வேறு, நம் வகுப்பறை வேறு என்று நினைத்தேன். ஆலையில் வேலை செய்பவனுக்குப் பதிவேடு வைக்க நீதிமன்றம் சொன்னது. ரோட்டோரப் பட்டறையில் பதினாலு வயதில் ஸ்பேனர் பிடித்தவனுக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது? வருகைப் பதிவேட்டில் இருந்து பெயரை அடித்ததோடு நம் கணக்கு முடிந்துவிட்டது.

இன்று பிரிட்டனில் 1999 முதல் கல்நாருக்கு முழுத் தடை. 2005-க்குள் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. நம் நாட்டில் வெள்ளைக் கல்நாருக்கு இன்னும் முழுத் தடை இல்லை. பெரிய பிரேக் கம்பெனிகள் கல்நார் இல்லாத லைனிங்குக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. ஆனால் பழைய வண்டிகளில் பழைய லைனிங் இருக்கிறது. பார்வைக்கு எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கும் புல்லட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் ராயல் என்ஃபீல்டு முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது 1901-ல். புல்லட் என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவத்துக்கு எல்லையில் ஓட்ட உறுதியான வண்டி தேவைப்பட்டது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாமே இங்கேயே செய்யப் பழகினோம். 1967-ல் ரெட்டிச் ஆலையை மூடினார்கள். 1970-ல் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றது. பெற்ற ஊர் கைவிட்ட பிள்ளையைத் திருவொற்றியூர் வளர்த்தது. 1950-களின் வடிவம் பெரிய மாற்றம் இல்லாமல் பல பத்தாண்டு ஓடியது. என் வண்டியின் பின் பிரேக்கும் அந்தக் காலத்துச் சமாச்சாரம்தான். ஆறு அங்குல டிரம், இரண்டு ஷூ, நடுவில் விரிக்க ஒரு கேம், சேர்த்து இழுக்க ஸ்பிரிங். பிரேக் இடது காலில், கியர் வலது காலில்.

அதனால் என்ன நன்மை? ஒருவர் கற்றதை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடலாம். நம் மாணவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாயை எனக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லும் கைராசிக்காரர். டிரம்மைத் தூக்கி "ஃபூ" என்று ஊதுவதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கடைசி இரண்டு வருடம் திண்ணையில் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடினார். பீடியும் குடிப்பார். அதனால்தானா, தூசியாலா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நானும் இதனால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்லதைக் கைமாற்றும்போது கெட்டதும் சேர்ந்தே மாறுகிறது என்பது உண்மை. நானும் அதைத்தானே செய்தேன்?

சரி, வேலைக்கு வருவோம். அன்று நாங்கள் எப்படிச் செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். இப்படியே செய்யுங்கள்.

முதலில் தூசி. காற்றுக் குழாயை எடுக்கவில்லை, காய்ந்த பிரஷ்ஷையும் எடுக்கவில்லை. தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் கரைத்து, சலூன் கடையில் தெளிப்பார்களே அந்த மாதிரிக் குப்பியில் ஊற்றி, டிரம்மின் மேலும் ஷூவின் மேலும் மெதுவாகத் தெளித்தோம். தூசி பறக்காமல் சேறானது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினோம். பத்து நிமிடம் கூடுதல். அவ்வளவுதான்.

பிறகு நோயின் மூலம். கேம் என்பது ஷூக்களின் நடுவில் இருக்கும் சப்பையான இரும்பு. அதன் தண்டு பிரேக் பிளேட்டின் துவாரத்துக்குள் சுழல வேண்டும். அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மிதித்தால் திரும்புகிறது, விட்டால் ஸ்பிரிங்கால் அதைத் திருப்ப முடியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு ஷூவில் முன்னோக்கி இருக்கும் ஷூவை, சுழலும் டிரம் தானே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். லேசாக உரசினாலும் அது மேலும் ஒட்டிக்கொள்ளும். சின்ன உரசல் பெரிய உரசலாவது அப்படித்தான். உரசினால் சூடு, சூட்டில் கிரீஸ் உருகும், காய்ந்தால் இன்னும் இறுகும். பல வருடம் அந்தத் தண்டுக்கு கிரீஸ் வைக்காதது முழுக்க என் சோம்பேறித்தனம். வண்டியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தண்டை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய உப்புத்தாளால் துருவை எடுத்தோம். இது இரும்பு, இதைத் தேய்க்கலாம். லைனிங்கை மட்டும் தேய்க்கக் கூடாது. சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மெல்லிசாகத் தடவினோம். அதிகம் வைத்தால் உருகி லைனிங்கில் வழியும். அப்புறம் பிரேக்கே பிடிக்காது. ஸ்பிரிங் இரண்டும் நீண்டு தளர்ந்திருந்தன, மாற்றினோம். பழைய ஷூ சூட்டில் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதைச் சுரண்டிப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. வேண்டாம் என்று, டப்பாவில் கல்நார் இல்லாதது என்று அச்சிட்ட புது ஷூ வாங்கிப் போட்டோம்.

மாட்டும்போது ஒரு நுணுக்கம். ஆக்சில் நட்டை முழுக்க முறுக்குவதற்கு முன் ஒருவர் பிரேக் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். அப்போது ஷூக்கள் டிரம்மின் நட்டநடுவில் தானாக வந்து அமரும். அந்த நிலையிலேயே முறுக்க வேண்டும். பிரேக் பிளேட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் நட்டை மறக்கவே கூடாது. அது இல்லாவிட்டால் பிளேட்டே சுற்றிவிடும். செயின் தொய்வைச் சரிபார்த்த பிறகு, கடைசியாகத்தான் பிரேக் ராடு. பெடலில் ஏறக்குறைய ஒரு அங்குலம் வெறும் அசைவு இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிடிக்க வேண்டும். பெடலை மிதித்துப் பிடிக்கும்போது ராடும் நெம்புகோலும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் இருந்தால் முழு பலம் கிடைக்கும். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் தடையில்லாமல் ஓட வேண்டும். பெடலை விட்டதும் டக்கென்று மேலே வர வேண்டும். பின் விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். பிறகு தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஐந்து கிலோமீட்டர் போய் வந்து டிரம்மின் சூட்டைப் பாருங்கள்.

நாங்கள் அப்படியே பார்த்தோம். டிரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. போன வாரம் கொல்லிமலை அடிவாரம் காரவள்ளி வரை போய் வந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு இந்த வயதில் மேலே ஏற வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு. வாத்தியாருக்கும் உத்தரவு போட ஆள் இருக்கிறது.

இனி பட்டறைப் பிள்ளைகளுக்கு. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பிரேக்கின் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடுகிறது, தேய்ந்த தூசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு முறை ஊதியதால் யாரும் கலங்க வேண்டாம். ஆனால் தினமும் ஊதுவது வேறு. அதைவிட, லாரிப் பட்டறையில் புது லைனிங்கை ரிவெட் அடிக்கத் துளைபோட்டு, அளவுக்கு அரத்தால் அராவி, கிரைண்டரில் தேய்க்கிறீர்களே, அங்கே வருவது சூடு படாத பச்சை நார். அது கல்நார் லைனிங்காக இருந்தால் ஆபத்து அங்கேதான் அதிகம். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பட்டறை, அதில் என் மாணவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

ஊதாதீர்கள். காற்றுக் குழாயும் வேண்டாம். நனைத்துத் துடையுங்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்தத் தூசியைத் தடுக்காது. டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். வேலைச் சட்டையோடு போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள், சட்டையைத் தனியாகத் துவையுங்கள். நாள்பட்ட இருமலோ, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதோ இருந்தால் மருத்துவரிடம் போகும்போது, "நான் இத்தனை வருடமாகப் பிரேக் வேலை பார்க்கிறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். புகை பிடிக்கிறவர்கள் விட்டுவிடுங்கள். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.

நம் மாணவன் மறுநாளே ஒரு அட்டையில் "டிரம்மை ஊதக் கூடாது" என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டான். "ஊதக்கூடாது" என்பதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. எட்டாவதில் செய்த அதே பிழை. திருத்தவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க அடுத்த வாரம் நாமக்கல் போகிறான். நானும் கூடப் போகிறேன். அன்றைக்கு அந்தத் துணுக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னவன் நான்தானே.

1983 முதல் 2017 வரை என்னிடம் ஆறு, ஏழு, எட்டு படித்த எல்லோருக்கும்: கல்நார் பற்றி நான் நடத்திய பாடத்தில் பாதி விடுபட்டிருந்தது. இன்று அந்த மீதியை நடத்திவிட்டேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்களோடு படித்தவர்கள் யாராவது முகநூலில் இல்லாமல் பட்டறையில் இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்